அப்பா, டெல்லி, கொஞ்சம் மரங்கள்

டெல்லியில இருக்கோம்னு சொன்னதும் ஊர்ல கேக்குற கேள்விகள் மூணுதான். குளிர் எப்படி? புகை எப்படி? நல்ல இட்லி கிடைக்குமா? பதினேழு வருஷமா ஒவ்வொரு லீவுலயும் இதே மூணுக்குப் பதில் சொல்லி வாய் வலிச்சுப் போச்சு. "அங்க என்ன மரமெல்லாம் நிக்கி?"ன்னு கேட்ட ஒரே ஆள் எங்கப்பாதான். அதையும் இங்க வந்து கொஞ்ச நாள் கழிச்சுத்தான் கேட்டார்.

இந்தப் பதிவு அந்தக் கேள்வியைப் பத்தினது. கொஞ்சம் நீளம். காபியை ஆத்திட்டு வந்து நிதானமா உக்காருங்க.

2021 கடைசியில அம்மா தவறிட்டாங்க. அம்பாசமுத்திரம் பக்கத்துல, தாமிரபரணிக் கரையோர கிராமம் எங்களுது. அவ்வளவு பெரிய வீட்டுல அப்பாவைத் தனியா விட மனசில்லாம, 2022 பிப்ரவரியில முனிர்காவுக்குக் கூட்டிட்டு வந்தோம். டிடிஏ ஃபிளாட், ரெண்டாவது மாடி. காலையில நான் ஆணி பிடுங்கக் கிளம்பிடுவேன், தங்கமணிக்கும் வேலை, பொண்ணுக்கு ஸ்கூல். அப்பாவுக்குத் தெரிஞ்ச இந்தி "நஹி" மட்டும். அதையும் பால்காரர்கிட்ட மட்டும்தான் பயன்படுத்துவார்.

பால்கனியில ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உக்காந்திருப்பார். தமிழ்ச் சேனல் வெச்சுக் கொடுத்தா அணைச்சிடுவார். மலை மந்திருக்குப் போலாம்பான்னா, "நீ போய்ட்டு வாடே"ம்பார். சாப்பாடு பாதியாச்சு. டாக்டர்கிட்ட காட்டினோம். உடம்புல ஒண்ணும் இல்ல, நடக்க வைங்கன்னார். நடக்கணும்னா ஒரு காரணம் வேணுமே. ஆத்துக்குக் குளிக்கப் போறது, வயலைப் பாக்கப் போறது, டீக்கடைக்குப் போறதுன்னு எழுபத்தி மூணு வருஷமா காரணத்தோட நடந்த மனுஷன். சும்மா பார்க்கைச் சுத்தி வட்டம் அடிக்கச் சொன்னா, "நான் என்ன செக்கு மாடா?"ன்னு ஒரே வார்த்தையில முடிச்சிட்டார்.

ஒரு ஞாயித்துக்கிழமை ஜன்பத் பக்கம் ஒரு வேலையாப் போனப்ப, வம்படியா அவரையும் கூட்டிட்டுப் போனேன். வண்டியை விட்டுட்டு நடந்துட்டு இருக்கோம். அப்பா பின்னாடி வரல. திரும்பிப் பாத்தா ஒரு மரத்துமேல கையை வெச்சுக்கிட்டு அண்ணாந்து பாத்துட்டு நிக்கிறார்.

"ஏ, இது மருதுல்லா!"

பக்கத்துல போனேன். சாம்பலும் வெள்ளையுமா வழுவழுன்னு பட்டை, சீவிச் சீவி உரிஞ்சிருக்கு.

"ஆத்துத் தண்ணியில வேர நனைச்சிக்கிட்டு நிக்க மரம்டே இது. இத எவன் இங்க கொண்டாந்து வரிசையா வச்சிருக்கான்? தண்ணி இல்லாத ஊர்ல?"

அம்மா போனதுக்கு அப்புறம் அவர் பேசின நீளமான வாக்கியம் அதுதான். பதில் சொல்லியே ஆகணும்னு எனக்குள்ள ஒரு வேகம் வந்துச்சு. நான் மரங்களைப் பத்திப் படிக்க ஆரம்பிச்ச கதை இவ்வளவுதான்.

சரி, எவன் கொண்டாந்து வச்சான்?

1911 டிசம்பர் தர்பார்ல, கல்கத்தாவிலேர்ந்து தலைநகரத்தை டெல்லிக்கு மாத்துறதா அறிவிச்சாங்க. புது ஊர் கட்டி முடிச்சுத் திறப்பு விழா நடந்தது 1931ல. கட்டடம் எழும்பும்போதே ரோட்டோர மரங்களையும் திட்டம் போட்டு நட்டாங்க. கட்டடக் கலைஞர் எட்வின் லட்யன்ஸை எல்லாருக்கும் தெரியும். மரம், தோட்டம் பக்கம் பொறுப்பா இருந்த மஸ்டோ பேரு அவ்வளவா வெளியில தெரியாது. இங்கே அக்கம்பக்கத்து ஆரவல்லிக் குன்றுகள்ல தானா வளர்ற மரங்கள்ல பெரும்பாலானவை வெயில் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே இலையைக் கொட்டிடும். இவங்களுக்கு வேண்டியது வருஷம் பூரா நிழல் தர்ற, பச்சையா நிக்கிற, உயரமான மரங்கள். அதனால ஈரமான காடுகள்லயும் ஆத்தங்கரைகள்லயும் வளர்ற மரங்களாப் பாத்துப் பொறுக்கினாங்க. ஜன்பத்துக்கு மருது. அன்னிக்கு ராஜபாதை, 2022 செப்டம்பர்லேர்ந்து கர்த்தவ்ய பத், அதுக்கு நாவல். அக்பர் ரோட்டுக்குப் புளி. இன்னும் பல ரோட்டுக்கு வேம்பு.

நீங்க டெல்லியில இருந்தா, இந்த நாலும் நம்ம ஊர் மரம்தானேன்னு நினைப்பீங்க. அப்பாவும் அதைத்தான் சொன்னார். "பூராவும் நம்ம ஊர் மரமால்லா நிக்கி."

மருதைப் பத்தி அப்பா சொன்னதை நான் படிச்சதோட சேர்த்துப் பாத்தப்ப ரொம்பச் சுவாரசியமா இருந்துச்சு. இந்தியில இதுக்குப் பேரு அர்ஜுன். தாவரவியல் பேரு டெர்மினாலியா அர்ஜுனா. ஸ்ரீசைலத்து சாமி மல்லிகார்ஜுனர். நம்ம கும்பகோணம் பக்கத்துத் திருவிடைமருதூர் மத்தியார்ஜுனம். எங்க ஊருக்குப் பக்கத்துல, தாமிரபரணிக் கரையில இருக்கிற திருப்புடைமருதூர் புடார்ஜுனம். மூணு ஊர்லயும் தல மரம் மருதுதான். அந்தத் திருப்புடைமருதூர்ல கோயிலைச் சுத்தி நிக்கிற மருது, இலுப்பை மரங்கள்ல கொக்கும் நாரையும் வந்து கூடு கட்டும். 2005ல அதைப் பாதுகாப்புக் காப்பகமா அறிவிச்சாங்க. இந்தியாவுலேயே அந்த வகையில அதுதான் முதல். சின்ன வயசுல அங்க மரத்தடியில உக்காந்து புளியோதரை சாப்பிட்டிருக்கேன். அந்த மரத்தோட சொந்தக்காரங்க ஜன்பத்துல ஆட்டோ ஸ்டாண்டுக்கு நிழல் கொடுத்துட்டு நிக்கிறாங்க.

அடுத்த வாரம் அப்பாவே கேட்டார். "வேற எங்ஙன என்ன மரம் நிக்கி? கூட்டிட்டுப் போ."

இப்படித்தான் ஞாயித்துக்கிழமை ஊர்வலம் ஆரம்பிச்சது. தாத்தா, பேத்தி, நான். பேத்திக்கு அப்ப பத்து வயசு. வீட்டுல நாங்க தமிழ்ல கேட்டா இந்தியில பதில் சொல்ற ரகம். (உங்க வீட்டுலயும் ஒண்ணு இருக்கும், தெரியும்.) அவகிட்ட ஒரு நீள நோட்டைக் கொடுத்தேன். ஸ்கேல் வெச்சு அஞ்சு கட்டம் போட்டா: தேதி, இடம், தாத்தா சொன்ன பேரு, இந்திப் பேரு, புஸ்தகப் பேரு. தாத்தாவுக்கு இந்தி தெரியாது, பேத்திக்குத் தமிழ் மரப்பேர் தெரியாது. நடுவுல லத்தீன் பேரை வெச்சுக்கிட்டு நான். ஒரு மரத்தைப் பாத்ததும் தாத்தா இலையைக் கசக்கி மோந்து பாப்பார். பேத்தி பக்கத்துல யாராவது மாலி, பெருக்குற அம்மான்னு தேடிப் போய்ப் பேரைக் கேட்டுட்டு வருவா. நான் புஸ்தகத்தைப் புரட்டுவேன். மூணு பேரும் ஒரே மரத்துல வந்து நின்னா நோட்டுல ஏறும்.

புஸ்தகம்னு சொன்னது பிரதீப் கிருஷண் எழுதின டெல்லி மரங்கள் பத்தின கையேடு. 2006ல வந்தது. அவர் தாவரவியல் பேராசிரியர் இல்ல, சினிமா டைரக்டர். 1985ல 'மாஸி சாஹிப்' எடுத்தவர். அப்புறம் படத்தை விட்டுட்டு மரம் மரமா அலைஞ்சு, இலையையும் பட்டையையும் காயையும் படம் பிடிச்சு, சாதாரண ஆள் பாத்துக் கண்டுபிடிக்கிற மாதிரி எழுதினார். அவருக்கு முன்னாடி ஜே.கே. மகேஸ்வரி 1963ல டெல்லித் தாவரங்கள் பத்தி ஒரு முழுப் புஸ்தகம் எழுதியிருக்கார். அது படிச்சவங்களுக்கானது. ரெண்டுக்கும் வேர் எங்கன்னு போனா, ஜோசப் ஹூக்கர் 1872லேர்ந்து 1897 வரைக்கும் ஏழு தொகுதியாக் கொண்டுவந்த பிரிட்டிஷ் இந்தியத் தாவரங்கள் நூல் வரைக்கும் போகும். நம்ம பக்கத்துக்கு கேம்பிள் ஆரம்பிச்சு வெச்ச சென்னை மாகாணத் தாவரங்கள் நூல், 1915லேர்ந்து 1936 வரைக்கும் வந்தது. கேம்பிள் பாதியில இறந்துட, ஃபிஷர் முடிச்சுக் கொடுத்தார். அதுக்கப்புறம் திருச்சி செயின்ட் ஜோசப் காலேஜ்ல ராபினட் ஹெர்பேரியத்தை உண்டாக்கின பாதிரியார் கே.எம். மாத்யூ, தமிழ்நாட்டுச் சமவெளித் தாவரங்களைப் பத்திப் பெரிய தொகுதிகள் எழுதினார். இத்தனை பேர் வெயில்ல அலைஞ்சு, கிளையை ஒடிச்சு, காயவெச்சு, தாள்ல ஒட்டி, தேதியும் இடமும் எழுதி வெச்சிருக்காங்க. என் பொண்ணோட நோட்டுக்கும் அவங்க தாளுக்கும் அடிப்படை ஒண்ணுதான்: எங்க பாத்தோம், என்னிக்குப் பாத்தோம்.

புஸ்தகப் பேர் எதுக்குன்னு பேத்தி ஒருநாள் கேட்டா. "தாத்தா பேரும் இருக்கு, மாலி பேரும் இருக்கு, போதாதா?" பதிலை மரங்களே சொல்லிச்சு.

ஏழிலைப்பாலையை எடுத்துக்கோங்க. அக்டோபர்ல சாயங்காலம் டெல்லியில தலையே கிறுகிறுக்குற மாதிரி ஒரு வாசனை வருமே, அதுதான். இங்க சப்தபர்ணி. இந்த மரப்பலகையில அந்தக் காலத்துல எழுதுபலகை செய்வாங்க. அதனாலதான் ஆல்ஸ்டோனியா 'ஸ்காலரிஸ்'. சாந்திநிகேதன்ல பட்டமளிப்பு விழாவுல இதோட இலைக்கொத்தைக் கொடுக்கிற வழக்கம் உண்டு. அப்பாவுக்கோ 'பாலை'ன்னு சொன்னதும் யட்சி ஞாபகம் வந்திருச்சு. மலையாளக் கரைப் பக்கம் பாலையிலதான் யட்சி குடியிருப்பாளாம். பேத்தி அன்னிக்கு ராத்திரி விளக்கை அணைக்க விடல. ஆனா பாலைன்னா அது ஒண்ணு மட்டுமா? வெட்பாலை வேற மரம். இலங்கைத் தமிழர் ஆசையாச் சாப்பிடுற பாலைப்பழம் இன்னொரு மரம். அதுதான் இங்க கிர்னி, டெல்லியிலயும் நிக்கிது. எல்லாத்தையும் ஒடிச்சாப் பால் வரும், அதனால எல்லாமே பாலை. நம்ம பேர் மரத்தோட குணத்தைச் சொல்லும். லத்தீன் பேர் எந்த மரம்னு சொல்லும். ரெண்டும் வேணும்.

கடம்புல இன்னும் பெரிய குழப்பம். மதுரைக்கே கடம்பவனம்னு பேரு. கடம்பனே நம்ம முருகன். இங்க பார்க்குகள்ல ஆவணி மழையில டென்னிஸ் பந்து மாதிரி மஞ்சளாப் பூத்து நிக்கிற பெரிய இலை மரத்தைக் கதம்புங்கிறாங்க. கிருஷ்ணர் ஏறி உக்காந்த மரம்னு பிருந்தாவனத்துல சொல்றதும் இந்தப் பேரைத்தான். ஆனா அந்தப் பெரிய மரம் ஈரக்காட்டு மரம். பிருந்தாவனம் பக்கத்து வறண்ட பூமியில தானா வளர்றது கைம்னு ஒண்ணு, சின்னச் சின்ன உருண்டைப் பூ. கிருஷ்ணர் கதை மரம் இதாத்தான் இருக்கும்னு மரம் தெரிஞ்சவங்க சொல்றாங்க. அந்தக் கைம்தான் நம்ம நீர்க்கடம்பு. தெற்க செங்கடம்புன்னு ஒண்ணு இருக்கு, அது குடும்பமே வேற. தண்ணியோரமா சிவப்புச் சரமாப் பூக்கும். முருகனுக்கு எது சொந்தம்னு அறிஞர்கள் சண்டையே போட்டிருக்காங்க. அப்பா சண்டையை ஒரே நிமிஷத்துல முடிச்சிட்டார். "எல்லாம் அவனுக்குத்தான். எழுதிக்கோ."

புளிக்குத்தான் அப்பா மனசு ஒடிஞ்சார். டாமரிண்டஸ் இண்டிகான்னு பேர்லயே இந்தியா இருக்கு. அரபு வியாபாரிகள் இந்தியப் பேரீச்சைன்னு சொன்ன 'தமர் ஹிந்தி'யிலேர்ந்து வந்த பேரு. ஆனா மரம் பிறந்தது ஆப்பிரிக்காவுல. "போடே! புளி வெளியூரா? அப்ப ரசம்?"னார். பல ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடியே வந்திருச்சுப்பான்னு சமாதானம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாம வந்தார். அப்புறம், "வந்து நிழலும் குடுத்து, குழம்புக்கும் ஆச்சுன்னா நம்ம மரம்தான்"னு தீர்ப்பு சொல்லிட்டார்.

அந்தத் தீர்ப்பு எனக்கு அடிக்கடி ஞாபகம் வரும். எங்க வீட்டுக்குப் பக்கத்துல சஞ்சய் வனம். உள்ள போனா பாதிக்கு மேல விலாயதி கீக்கர், அதாவது நம்ம சீமைக்கருவேலம், வேலிகாத்தான். மெக்சிகோ, தென் அமெரிக்கா பக்கத்து மரம். டெல்லி மேட்டுக்காட்டைப் பச்சையாக்கணும்னு வெள்ளைக்காரன் காலத்துல விதைச்சு விட்டது. ராமநாதபுரத்துக்காரங்களுக்கு நான் விளக்கவே வேண்டாம். தமிழ்நாட்டுல 2017ல ஹைகோர்ட் மதுரைக் கிளை இதை வெட்டச் சொன்னது, 2022ல அரசு அந்நியத் தாவரங்களுக்குன்னு தனிக் கொள்கையே கொண்டுவந்தது. சிக்கல் அது வெளிநாட்டுலேர்ந்து வந்ததுல இல்ல. மடகாஸ்கர்லேர்ந்து வந்த குல்மோகரும்தான் மே மாசத்துல ரோடு பூரா நெருப்பாப் பூக்குது, அதோட யாருக்கும் வம்பில்ல. சீமைக்கருவேலம் தன்னடியில இன்னொண்ணை முளைக்க விடாது, தானே தானேன்னு பரவும். அது போன பிறகு என்ன இருக்கும்னு பாக்கணும்னா, குர்காவ்-ஃபரிதாபாத் எல்லையில மாங்கர் பனின்னு ஒரு கோயில் காடு இருக்கு. அங்க ஒரு சாமியார் சமாதி. அந்த ஊர்க்காரங்க அவர் பேருக்குக் கட்டுப்பட்டுக் கிளையைக்கூட ஒடிக்க மாட்டாங்க. அதனால தவ் மரங்கள் அடர்த்தியா, ஆரவல்லி முன்ன இருந்த மாதிரியே இருக்கு. நம்ம ஊர்ல சாஸ்தா கோயில் காட்டுல விறகு பொறுக்க மாட்டாங்க இல்ல, அதே பயம், அதே பக்தி.

நோட்டு நிறைய நிறைய இன்னொண்ணு பிடிபட்டுச்சு. டெல்லிக்கு இலையுதிர் காலம் மார்ச் மாசம். அதேதான் வசந்தமும். வேம்பு ஒரு பக்கம் கொட்டிக்கிட்டே மறு பக்கம் துளிர்க்கும். அரசு செம்புத் தகடு மாதிரி தளிர் விடும். பிப்ரவரி கடைசியில முள்ளிலவு ஒரு இலைகூட இல்லாம சிவப்புச் சிவப்பாப் பூக்கும். ஏப்ரல், மேயில காய் வெடிச்சுப் பஞ்சு பறக்கும்போது, இலவு காத்த கிளி கதையைத் தாத்தா மரத்தடியிலேயே நின்னு சொன்னார். படிச்சுச் சொன்னா மறந்திருப்பா. பஞ்சு மூக்குல ஒட்டினதால ஞாபகம் வெச்சிருக்கா. மார்ச்லயே புரசு பூக்கும், புரசைவாக்கத்துப் புரசு. 1757ல சண்டை நடந்த பிளாசிக்கும் அதோட வங்காளப் பேர்தான். மேயில சரக்கொன்றை. ஜூலையில நாவல், கர்த்தவ்ய பத் பக்கம் நடைபாதை பூரா ஊதாக் கறை. மணல் ஒட்டின பழத்தை ஊதிக்கிட்டே தாத்தா ஔவையார் கதையைச் சொல்ல, அவ திருப்பி, "தாத்தா, சுட்ட பழமா, சுடாத பழமா?"ன்னு தமிழ்ல கேட்டா. அந்தக் கேள்வியை நாங்க யாரும் சொல்லிக் கொடுத்து வரவழைக்கல.

இதெல்லாம் சந்தோஷமான கதை. இப்ப விஷயத்துக்கு வரேன்.

எங்க பிளாக் வாசல்ல ஒரு பெரிய மரம் நிக்கிது. மாலிகளுக்கு அது சிரிஸ். அப்பா வந்த முதல் வாரத்துலேர்ந்து பால்கனியிலேர்ந்து பாத்துட்டு இருந்தது அதைத்தான். மொட்டையா, வைக்கோல் நிறத்துல காய்ந்த காய் மட்டும் தொங்கிக் காத்துல கலகலன்னு சத்தம் போடும். 2023 மார்ச் ஆரம்பத்துல குடியிருப்போர் சங்கக் கூட்டத்துல ஒரு தீர்மானம் வந்துச்சு. மரம் பட்டுப்போச்சு, விழுந்தா கார்மேல விழும், வெட்ட அனுமதி கேட்டு எழுதணும். வெட்டினா நாலு கார் நிறுத்த இடமும் கிடைக்கும். கடைசி வரி தீர்மானத்துல இல்ல, ஆனா எல்லார் மனசுலயும் இருந்துச்சு. "சூக் கயா ஹை, பாய் சாப்"னு ஒருத்தர் ஜன்னல் வழியாக் கையைக் காட்டினார். பாத்தா யாருக்கும் அப்படித்தான் தோணும்.

வீட்டுக்கு வந்து சொன்னேன். அப்பா எழுந்து நின்னுட்டார். "அது வாகைடே. பட்டுப்போகல, உறங்குது. நெத்து அடிக்கி பாரு, அப்படித்தான் அடிக்கும். பங்குனி முடியட்டும், கேட்டியா."

நான் சொன்னா எடுபடுமா? ஊர்லேர்ந்து வந்த எங்கப்பா சொல்றார்னு கூட்டத்துல எப்படிச் சொல்றது? பொண்ணுதான் நோட்டை எடுத்துட்டு வந்தா. போன வருஷப் பக்கம். "2022 பிப்ரவரி 27, வீட்டு வாசல், வாகை, சிரிஸ், அல்பிசியா லெபெக், இலை இல்லை." கீழ இன்னொரு வரி: "ஏப்ரல் 3, முதல் தளிர், உச்சிக் கிளை." அதுக்கும் கீழ: "ஏப்ரல் 24, பூ. பவுடர் பஃப் மாதிரி இருக்கு. ராத்திரி வாசனை." அவ எழுத்து, பேனா மை கொஞ்சம் வழிஞ்சிருந்தது.

மறுநாள் சாயங்காலம் மூணு பேரும் சங்கச் செயலாளர் வீட்டுக்குப் போனோம். டெல்லி மரப் பாதுகாப்புச் சட்டம் 1994லேர்ந்து இருக்கு. தரையிலேர்ந்து 30 சென்டிமீட்டர் உயரத்துல 5 சென்டிமீட்டர் விட்டமும், மொத்தத்துல ஒரு மீட்டர் உயரமும் இருந்தாலே சட்டப்படி அது மரம். மர அதிகாரி அனுமதி இல்லாமத் தொட முடியாது. 2018ல தெற்கு டெல்லி அரசுக் குடியிருப்புகளை இடிச்சுக் கட்ட ஆயிரக்கணக்கான மரங்களை வெட்டப் போறாங்கன்னு சரோஜினி நகர்ல ஜனங்க மரத்தைக் கட்டிப்பிடிச்சு நின்னதும், ஹைகோர்ட் தடை போட்டதும் அவருக்கும் ஞாபகம் இருந்துச்சு. ஆனா நான் சட்டம் பேசி முடிக்கிறதுக்குள்ள பொண்ணு நோட்டைத் திறந்து வெச்சுட்டா. நல்ல இந்தியில சொன்னா: "அங்கிள், போன வருஷமும் இப்படித்தான் இருந்துச்சு. தேதி போட்டிருக்கேன். ஒரு மாசம் பொறுங்க. வரலைன்னா நானே கையெழுத்துப் போடறேன்." பக்கத்துல தாத்தா ஒண்ணும் புரியாம, ஆனா கம்பீரமாத் தலையாட்டிட்டு நின்னார்.

செயலாளர் நோட்டை வாங்கிப் பக்கம் பக்கமாப் புரட்டினார். அவங்க ஊர், பாகிஸ்தான்ல இருக்கிற லாயல்பூர் பக்கம். அவரோட அப்பா பிரிவினையில வந்தவர். சிரிஸ் காய் சத்தத்தை அவங்க வீட்டுலயும் பாட்டி ஏதோ சொல்வாங்கன்னார். ஏப்ரல் 15 வரைக்கும் பாக்கலாம்னு ஒத்துக்கிட்டார்.

அந்த ஒரு மாசம் எங்க வீட்டுல யாரும் சரியாத் தூங்கலங்க. மார்ச் 31, ஒண்ணும் இல்ல. ஏப்ரல் 3, ஒண்ணும் இல்ல. அந்த வருஷம் மார்ச் கடைசியில மழையும் குளிருமா இருந்துச்சு. கீழ காரை நிறுத்துறவங்க அண்ணாந்து பாத்துட்டு எங்க பால்கனியையும் பாப்பாங்க. ஏப்ரல் 8 காலையில அப்பா எல்லாருக்கும் முன்னாடி எழுந்து கத்தினார். "ஏட்டி, ஓடியா! உச்சிய பாரு!" வெளிறின பச்சையில, நகக்கண் அளவு. பேத்தி பைஜாமாவோடவே மூணாவது மாடிக்கு ஓடிக் கதவைத் தட்டினா. செயலாளர் வீடு அதுதான்.

மரம் நின்னுடுச்சு. அதோட விடல. மரத்தடியைச் சுத்தி ஒரு மீட்டருக்குக் கான்கிரீட் போடக்கூடாது, போட்டதை எடுக்கணும்னு பசுமைத் தீர்ப்பாயம் 2013லேயே உத்தரவு போட்டிருக்கு. எங்க வாகையைச் சுத்தி டைல்ஸ் கழுத்தை நெரிச்சிட்டு இருந்துச்சு. சங்கமே ஆள் வெச்சு உடைச்சுது. மே மாசம் மரத்தடியில நாற்காலி போட்டு நாலு பெரியவங்க உக்காந்தாங்க. ஒருத்தர் பஞ்சாபி, ஒருத்தர் பெங்காலி, ஒருத்தர் கர்வாலி, இன்னொருத்தர் எங்கப்பா. என்ன மொழியில பேசிக்கிட்டாங்கன்னு இன்னிக்கும் எங்களுக்கு விளங்கல. தினமும் ரெண்டு மணி நேரம் பேசினாங்க.

2024 ஜூன்ல அப்பா ஊருக்கே திரும்பிட்டார். "வீட்டைப் பூட்டிப் போட்டா கரையான் தின்னுரும்"னு காரணம் சொன்னார். வந்தப்ப இருந்த அப்பா வேற, திரும்பிப் போன அப்பா வேற. ஸ்டேஷன்ல பேத்திகிட்ட சொன்ன புத்திமதி ஒண்ணே ஒண்ணு: "நோட்ட விட்டுராத." இப்ப வாரம் ஒரு தடவை போன்ல கணக்கு ஒப்பிக்கிறாங்க. இங்க வேம்பு கொட்டுது, அங்க வேம்பு பூத்தாச்சு. நம்ம வருஷப் பொறப்புப் பச்சடிக்கு ஊர்ல பூ எப்பவோ தயார். இங்க சில வருஷம் அன்னிக்குத்தான் மொட்டு விடும். ரெண்டு ஊருக்கும் எத்தனை நாள் வித்தியாசம்னு அவ தனியா ஒரு பக்கம் போட்டிருக்கா. அந்தப் பக்கத்தைத் தமிழ்லதான் எழுதுறா. தாத்தாவுக்குப் போட்டோ எடுத்து அனுப்பணுமே.

ஊரை விட்டு வந்து புனே, மும்பை, ஹைதராபாத்னு எங்கெங்கயோ இருக்கிறவங்களுக்கு ஒரு யோசனை. பெரிசா ஒண்ணும் வேண்டாம். வாசல்ல நிக்கிற ஒரே ஒரு மரத்தை எடுத்துக்கோங்க. வாரம் ஒரு நாள் இலை, மொட்டு, பூ, காய் இருக்கா இல்லையான்னு தேதி போட்டு எழுதுங்க. சீசன்வாட்ச்னு ஒரு திட்டம் இருக்கு. நாடு முழுக்க ஸ்கூல் பிள்ளைங்க இப்படித்தான் எழுதி அனுப்புறாங்க. பருவம் எப்படி மாறுதுன்னு விஞ்ஞானிகள் அதை வெச்சுப் பாக்கிறாங்க. உங்க ஊர் பாஷையில அதுக்கு என்ன பேருன்னு வாட்ச்மேன்கிட்ட கேளுங்க. அப்புறம் ஊருக்குப் போன் போட்டு, இலை இப்படி, காய் இப்படின்னு சொல்லி, இதுக்கு நம்ம பேர் என்னன்னு அப்பாகிட்டயோ அம்மாகிட்டயோ கேளுங்க. "சாப்டியா, அங்க மழையா"க்கு அப்புறம் போன்ல பேச விஷயம் இல்லாமத் தவிக்கிறவங்களுக்கு இது உத்தரவாதமான மருந்து.

ஒரு வருஷமாவது எழுதுங்க. ரெண்டாவது வருஷம்தான் அந்த நோட்டுக்குப் பலன் தெரியும். யாராவது கோடாலியோட வந்து பட்டுப்போச்சும்பாங்க. அப்ப தேதி கையில இருக்கணும்.

சரி, உங்க வாசல்ல என்ன மரம் நிக்கி?